முதுகுக்குப் பின்னால் சொன்னது

— கத்தாதீங்க! காது மெஷின் மாட்டியிருக்கறது நீங்க. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.

— நான் கத்தறேனா?

— முப்பது வருஷமா. தறி மில்லுல கத்திப் பழகின வாய், ரிட்டயர் ஆகியும் அடங்கலை.

— இந்தா பாரு, ஒரு வாரம் சும்மா போட்டுப் பாருங்கன்னுதானே கடைக்காரன் குடுத்தான்? திருப்பிக் குடுத்துடலாம். நீ வாயை அசைச்சாலே எனக்குப் புரியுது.

— கணக்கை மறுபடி சொல்லட்டுமா? மில்லுல குடுத்த பணத்துல முக்கால்வாசி பேங்க்ல. அந்த வட்டி நம்ம ரெண்டு பேர் மாசச் செலவுக்குப் போதும். மிச்சம் வைத்தியச் செலவுக்கு. காது மட்டும் உடம்புல சேர்த்தி இல்லையா?

— பணத்துக்கில்லம்மா, மில்லு இரைச்சல்ல இது உதவாது. மேனேஜர் திங்கட்கிழமையிலேர்ந்து மறுபடி வரச் சொல்றார். சரின்னு சொல்லிடப் போறேன்.

— எதுக்கு? மிச்சமிருக்கற காதையும் அங்கேயே விட்டுட்டு வரவா?

— வீட்டுல எனக்கென்ன வேலை, சொல்லு. சுவரைப் பார்த்து உட்கார்ந்தா பைத்தியம் பிடிச்சிடும்... இரு, இரு. அது என்ன?

— எது?

— டொக், டொக்னு.

— குழாய் சொட்டுது.

— அட! ஒரு சொட்டுத் தண்ணிக்கு இவ்வளவு சத்தமா? அதோ, ஜன்னல்ல?

— குருவி. தினமும் வரும்.

— பார்த்திருக்கேனே! சும்மா வாயைத் திறந்து மூடுதுன்னு நினைச்சேன். அது பேசுதும்மா! இப்போ இது என்ன, சரக் சரக்குனு?

— நான்தான் நடந்து வரேன்.

— நீயா? இன்னொரு தரம் நட. கடவுளே... உடம்பெல்லாம் சிலிர்க்குது.

— அழறீங்களா என்ன?

— இல்லை, இல்லை. குழாய் எத்தனை நாளா சொட்டுது?

— ரெண்டு வருஷமா. சொன்னேனே.

— எப்போ?

— பாத்திரம் கழுவும்போது.

— அப்போ உன் முதுகுதானே எனக்குத் தெரியும்!

— அதான் அப்போ பேசுவேன். மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாததெல்லாம். உங்க அக்காவைத் திட்டுவேன், கூடவே உங்களையும். சில நாள் பாட்டுக்கூட.

— நீ பாடுவியா?

— ஏதோ சுமாரா.

— அடிப்பாவி! இந்த வீட்டுக்குள்ள இவ்வளவு நடந்திருக்கு, நான் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்திருக்கேன். மேனேஜருக்கு வரலைன்னு சொல்லிடறேன்.

— ஏன், இங்க சுவரைத்தானே பார்க்கணும்?

— நீ உட்காரு. சொன்னதையெல்லாம் முதல்லேர்ந்து சொல்லு. இனிமே எனக்கு அதான் வேலை.

— வேண்டாங்க. முதல்ல சொன்னது நல்லா இருக்காது.

— பரவாயில்லை, சொல்லு.

— பெரியவன் அப்போ கைக்குழந்தை. நீங்க அந்தப் பக்கம் திரும்பி ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருந்தீங்க. நான் பையும் பிள்ளையுமா வாசல்ல நின்னு, 'கூப்பிட்டாக்கூடத் திரும்பாத மனுஷன்கூட என்னால வாழ முடியாது, எங்கம்மா வீட்டுக்கே போறேன்'னு சொன்னேன்.

— அப்புறம்?

— ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நின்னேன். நீங்க பாட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருந்தீங்க. உங்களுக்குக் காது கேட்கலைங்கறதே அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. பையைக் கீழே வெச்சுட்டேன். என்ன, மெஷினையே தடவிப் பார்க்கறீங்க? அதுக்குள்ள பேட்டரி தீர்ந்துடுச்சா?

— இல்லை. நல்லாக் கேட்டுச்சு... போகாதே.