பாதி வழியில் மூன்று பேர்

கண்டக்டர்: வெள்ளிக்கிழமை காலை. மலைப்பாதை, பாதி வழி டீக்கடை. சுற்றுலா வண்டி கிளம்பிடுச்சு. பயணிகள் மூணு பேர் கீழே நிக்கிறாங்க.

டிரைவர்: யாருக்கு மச்சான் ரிப்போர்ட் குடுக்கிற? டெப்போ மேனேஜருக்கா?

கண்டக்டர்: பழக்கம் மாமா... ரிட்டயர் ஆனாலும் வாய் ஆகல.

டிரைவர்: வாய் மட்டுமா? கையும்தான். அடுத்தவன் ஓட்டுற வண்டிய எதுக்கு நீ தட்டின?

கண்டக்டர்: கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. கை தானாப் போச்சு. டப் டப்புனு ரெண்டு. வாயும் சேர்ந்து "ரைட், போலாம்"னு சொல்லிடுச்சு.

அக்கா: அப்பல்லாம் தட்டிட்டு ஓடிப் போய்த் தொத்திக்குவ. இப்பவும் முடியும்னு நெனச்சியாடா?

கண்டக்டர்: ஒரு எட்டு எடுத்து வெச்சேன்க்கா. வண்டி போயிடுச்சு. எட்டு மட்டும் இங்கயே நின்னுடுச்சு.

டிரைவர்: கூடப் பொறந்தவன் கூத்தப் பார்த்து சிரிக்கிறா பாரு. ஏம்மா, நாம நடுரோட்ல நிக்கிறோம்.

அக்கா: நடுரோட்ல எங்க நிக்கிறோம்? பெஞ்சு இருக்கு, டீ இருக்கு. உங்க வண்டில ஏறினவங்களுக்கு இதுகூடக் கெடச்சிருக்காது.

டிரைவர்: ஒருத்தருக்குமா தெரியல? ஒரு வண்டி நிறைய நம்ம ஆளுங்க!

கண்டக்டர்: நாம கடைசி சீட்டு மாமா. உங்க மாப்பிள்ளை வாயத் தொறந்து தூங்குறாரு. மருமக காதுல பாட்டு. டெப்போ ஆளுங்க சீட்டாட்டம். பின்னாடி சத்தம் வரலைன்னா, பெருசுங்க தூங்கிடுச்சு, அப்பாடான்னு இருப்பாங்க.

அக்கா: எம் பையன்?

கண்டக்டர்: அவன் முன் சீட்டுல உக்காந்து அந்த டிரைவர் பையனுக்கு ஓட்டக் கத்துக் குடுக்கிறான். அப்பா டிரைவர்னா புள்ளைக்கும் ரத்தத்துல வந்துடும்ல.

டிரைவர்: அவனுக்கு சைக்கிளே ஒழுங்கா வராது.

அக்கா: எம் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. தம்பி, உன் போன் அடிக்குது பாரு.

கண்டக்டர்: நாம பேசினது கேட்டிருக்கும்போல. அவன்தான்... சொல்லு மாப்ள... ம்... இல்லயே, பின்னாடி இல்லயே... கீழ... டீக்கடைல... ஆமா, மூணு பேரும்... ஏன் கத்துற, ஸ்பீக்கர் போடாமயே கடை முழுக்கக் கேக்குது... யாரு கண்டுபிடிச்சா? சின்னக் குட்டியா? "தாத்தா கொறட்டை நின்னு போச்சு"ன்னு சொல்லுச்சா! அக்கா, உன் பேத்திதான் இந்தக் குடும்பத்துலயே வெவரம்.

டிரைவர்: குடு இப்படி... டேய், நான்தான். வண்டிய நடுவுல திருப்பச் சொல்லாத. ஆமா... திருப்ப முடியாதுடா, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நேரா மேல போய் எல்லாரையும் லாட்ஜ்ல எறக்கி விட்டுட்டு, மைதானத்துல திருப்பிட்டு வரச் சொல்லு. நிதானமா வரட்டும். எறக்கத்துல அவசரம் கூடாது... ம்... சரி... ம்... சரிடா... சொல்றேன்... சரின்னுதான சொல்றேன்.

அக்கா: என்ன சொல்றான்?

டிரைவர்: உன்ன பெஞ்ச விட்டு எந்திரிக்க விடக் கூடாதாம்.

அக்கா: அவ்வளவுதானா?

டிரைவர்: ...பாறைப் பக்கம் போகவே கூடாதாம்.

கண்டக்டர்: பாரேன், அவன் சொல்லித்தான் பாறை இங்க இருக்குன்னே ஞாபகம் வருது. கடைக்குப் பின்னாடி இந்த ஒத்தையடிப் பாதைதான?

டிரைவர்: நீ சும்மா இரு.

அக்கா: அவன் ஏன் சும்மா இருக்கணும்? நேத்து குடும்ப குரூப்ல ஓட்டு எடுத்தாங்களே, அம்மா அந்தப் பாறைல ஏறலாமா வேணாமான்னு. அப்ப சும்மா இருந்தது இவன் ஒருத்தன்தான். மத்தவங்க எல்லாம் வேணாம்னு கட்டைவிரல் போட்டாங்க. நீங்க உட்பட.

டிரைவர்: அந்த போன்ல எத அமுக்கினா எது போகுதுன்னு எனக்கு...

அக்கா: ஓ. எத்தனை வருஷமா கியர் போட்ட கை. கட்டைவிரல் மட்டும் தவறிடுச்சாக்கும்.

கண்டக்டர்: மாமா, மாட்டினீங்க.

டிரைவர்: டாக்டர் என்னம்மா சொன்னாரு? முட்டி தேஞ்சிருக்கு, ஏத்தம் கூடாதுன்னு...

அக்கா: அடிக்கடி ஏறக் கூடாதுன்னு சொன்னாரு. ஆஸ்பத்திரிலயே நர்ஸா காலம் தள்ளினவ நான். டாக்டர் சொன்னதுல பாதிய மட்டும் எடுத்துக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். ஏங்க, அடுத்த மாசம் சுரங்கப்பாதை திறக்கறாங்க. அப்புறம் இந்த ரோட்ல பஸ்ஸே வராது. இன்னைக்கு விட்டா எனக்கு எப்ப?

டிரைவர்: அப்படி அந்தப் பாறைல என்னதான் இருக்கு?

அக்கா: நீங்கதான சொன்னீங்க? மேல நின்னா மொத்த ரோடும் தெரியும்னு. ஒவ்வொரு வளைவும் கீழ விழுந்த நாடா மாதிரி சுருண்டு சுருண்டு கெடக்கும்னு... நான் ராத்திரி டூட்டி முடிச்சு வரும்போது நீங்க வண்டி எடுக்கப் போயிருப்பீங்க. நீங்க வரும்போது நான் கிளம்பியிருப்பேன். நம்ம வீட்டுல சாவிதான் அதிகமா கை மாறிச்சு. அத்தனை வருஷம் எங்க போயிட்டு வந்தீங்கன்னு ஒரு தரம் பார்க்கக் கூடாதா?

கண்டக்டர்: மாமா... வண்டி மேல போய் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்?

டிரைவர்: ஆகும். நல்லாவே ஆகும்.

கண்டக்டர்: அப்ப?

டிரைவர்: ...செருப்ப இறுக்கிக்கோம்மா. மச்சான், அந்தக் கம்ப எடு.

அக்கா: கம்பு யாருக்கு?

டிரைவர்: எனக்கு.

கண்டக்டர்: எல்லாரும் உள்ள போங்க, படில நிக்காதீங்க! பாறை, பாறை! எறங்குற ஆளெல்லாம் வழி விடு!

அக்கா: மாடு ஒண்ணுதான்டா நிக்குது.

கண்டக்டர்: அதுவும் ஒதுங்குது பாரு. என் குரலுக்கு இன்னும் மரியாதை இருக்கு.

டிரைவர்: பார்த்து... அந்தக் கல்லுல வைக்காத, ஆடுது... கைய குடு.

அக்கா: குடுத்துட்டேன். நீங்கதான் விட்டுட்டீங்க.

டிரைவர்: மூச்சு வாங்குதா?

அக்கா: உங்களுக்குத்தான் வாங்குது. எனக்குக் கேக்குது.

கண்டக்டர்: கொஞ்சம் நில்லுங்க... நிறுத்தம்... டீசல் தீந்துடுச்சு.

அக்கா: எங்கள விட சின்னவன், நீ உக்காரலாமா? எந்திரி. ஏங்க, இங்க பாதை ரெண்டாப் பிரியுது. எந்தப் பக்கம்?

டிரைவர்: ம்... எடப்பக்கம்.

கண்டக்டர்: எடப்பக்கம் புதரு மாமா.

டிரைவர்: அப்ப வலப்பக்கம்.

அக்கா: ...ஏங்க. என் மூஞ்சியப் பாருங்க. இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?

டிரைவர்: வந்திருக்கேனே. தெனம்.

அக்கா: பாறைக்கு?

டிரைவர்: பாறைக்குக் கீழ.

அக்கா: கீழ!

டிரைவர்: டீ குடிக்க நிறுத்துவோம். அண்ணாந்து பார்ப்பேன். வண்டிய விட்டுட்டு மேல ஏற முடியுமா? ஏறிட்டு வர்றவங்க சொல்லுவாங்க.

அக்கா: அப்ப அந்த நாடா?

கண்டக்டர்: அது ஒரு டிராயிங் மாஸ்டர் சொன்னது. நாலாவது சீட்டு, ஜன்னல் ஓரம்.

அக்கா: அடப்பாவிங்களா! கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து கேட்டுட்டு இருக்கேன்!

டிரைவர்: நான் பார்த்தேன்னு எப்பவாவது சொன்னேனா? தெரியும்னுதான் சொன்னேன்.

அக்கா: நல்லா வளைச்சு ஓட்டுறீங்க. சரி, வாங்க. உங்களுக்கும் புதுசுதான்னா நல்லதாப் போச்சு.

கண்டக்டர்: அக்கா, குனிஞ்சு வா, கெளை... அவ்வளவுதான்... வந்தாச்சு. கடைசி நிறுத்தம். எல்லாரும் எறங்கலாம்.

அக்கா: ...

டிரைவர்: என்னம்மா? மயக்கமா வருதா? உக்காரு, உக்காரு...

அக்கா: இல்ல. விடுங்க... பார்க்கிறேன்.

கண்டக்டர்: டிராயிங் மாஸ்டர் பொய் சொல்லல மாமா.

டிரைவர்: ம்... சொல்லல.

அக்கா: ஏங்க, நான் டூட்டி முடிஞ்சு வந்து பால் காய்ச்சுற நேரத்துக்கு நீங்க எங்க இருப்பீங்க?

டிரைவர்: அதோ... பாலம் தெரியுதா? அதத் தாண்டியிருப்போம்.

அக்கா: நான் தூங்கப் போறப்ப?

டிரைவர்: அந்த மொட்டை மரத்துக்கிட்ட. அங்க ஹாரன் அடிக்கணும். எதிர்ல வர்றது தெரியாது.

அக்கா: தெரியாதுன்னா?

டிரைவர்: தெரியாதுதான். சத்தம் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

அக்கா: அதுக்கு அப்பால... அங்க ரோடே இல்லயே?

டிரைவர்: இருக்கு. கொஞ்சம் ஒட்டினாப்ல போகும்.

அக்கா: எதை ஒட்டி? அந்தப் பள்ளத்தையா? ஒரு ஆள் நடக்கிற அகலம்தான இருக்கு. அதுலயா பஸ் போகும்?

டிரைவர்: மேலேர்ந்து பார்த்தா அப்படித்தான்...

அக்கா: தம்பி, நீ சொல்லு.

கண்டக்டர்: நான் எதுக்குக்கா... நான் டிக்கெட் கிழிக்கிறவன்.

அக்கா: சொல்லுடா.

கண்டக்டர்: ...மழைல நான் எறங்கிடுவேன்க்கா. எறங்கி, வண்டிக்கு முன்னாடி, டயர் ஓரம் பார்த்துக்கிட்டே பின்பக்கமா நடப்பேன். வா வா வான்னு சொல்லிக்கிட்டு. மாமா என் கையத்தான் பார்ப்பாரு.

அக்கா: என்கிட்ட என்ன சொன்னீங்க? "அகலமான ரோடு, உள்ளங்கை மாதிரி, கண்ண மூடிட்டு ஓட்டலாம்"னு.

டிரைவர்: சொன்னேன்.

அக்கா: ஏன்?

டிரைவர்: நெசத்த சொல்லியிருந்தா நீ தூங்கியிருப்பியா? ராத்திரி பூரா முழிச்சு நோயாளிகளப் பார்த்துட்டு வர்ற. பகல்லயும் முழிச்சுக் கெடக்கவா?

அக்கா: நல்லா தூங்கினேங்க. குறட்டை விட்டுத் தூங்கினேன்.

கண்டக்டர்: அது எனக்கும் தெரியும். லீவு நாள்ல பக்கத்து வீட்ல கெடந்தவன்.

அக்கா: உன் வாயத் தைக்கணும்டா. இத்தனை வருஷமா நீயும்தான மறைச்ச?

கண்டக்டர்: வண்டி ரகசியம்க்கா. கண்டக்டர் வெளிய சொல்லக் கூடாது.

டிரைவர்: அழறியா என்ன?

அக்கா: காத்து. கண்ணுல தூசி.

டிரைவர்: இந்த உயரத்துல தூசி வராது.

அக்கா: வரும். உக்காருங்க ரெண்டு பேரும். கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். இங்க ஓட்டு எடுக்க யாரும் இல்ல.

கண்டக்டர்: நகருங்க மாமா, எனக்கும் எடம் விடுங்க.

அக்கா: ஏங்க, நீங்க ஓட்டும்போது பயமா இருக்காதா?

டிரைவர்: ஓட்டும்போது இருக்காது. இப்ப மேலேர்ந்து பார்க்கிறப்பதான் கை வேர்க்குது.

கண்டக்டர்: மாமா, அங்க பாருங்க. வெள்ளையா... நம்ம வண்டிதான? எறங்குது.

டிரைவர்: ம். நிதானமாத்தான் வர்றான். வளைவுல ஒதுங்கிக் குடுக்கிறான் பாரு. தேறிடுவான்.

கண்டக்டர்: முன் சீட்டுல உங்க பையன் இருப்பான். வந்ததும் எனக்குத்தான் மொதல் பூசை. "மாமா, உங்க கைய வெட்டணும்"பான்.

டிரைவர்: திட்டட்டும். தட்டினது நீதான?

அக்கா: ஏங்க... நான் ஒண்ணு சொல்றேன். கோவப்படக் கூடாது.

கண்டக்டர்: அக்கா, வேணாம்.

அக்கா: நீ இருடா, பாவம், எவ்வளவு நேரம் அடி வாங்குவ. வண்டியத் தட்டச் சொன்னது நான்தாங்க. காலைல கிளம்புறதுக்கு முன்னாடி, நீங்க பல் தேய்க்கப் போனப்ப சொல்லி வெச்சேன்.

கண்டக்டர்: மாட்டேன்னுதான் மாமா சொன்னேன். சின்ன வயசுல மாதிரி காதப் புடிச்சுத் திருகிடுச்சு.

அக்கா: புள்ளைங்ககிட்ட கெஞ்சினேன், கேக்கல. உங்ககிட்ட சொன்னா நீங்களும் கட்டைவிரல் போடுவீங்க. வேற என்ன பண்றது? ...ஏதாவது பேசுங்க. திட்டணும்னாலும் திட்டிடுங்க.

டிரைவர்: இவன் தட்டினதும் வண்டி நகரலம்மா. அந்த டிரைவர் பையன் கண்ணாடில பார்த்துட்டான், நாம மூணு பேரும் கீழ நிக்கிறத. எடுக்கவான்னு என்னைப் பார்த்தான். நீங்க ரெண்டு பேரும் வண்டியவே பார்த்துட்டு நின்னீங்க... பின்னாடி நின்னு, கட்டைவிரல் போட்ட அதே கைய நான்தான் ஆட்டினேன், போ போன்னு.