யாரும் பார்க்காத தேவியின் முகம்

இந்த பார்லி தேநீர் நன்றாக இருக்கிறது, அதிகாரி ஐயா. எங்கள் அருங்காட்சியகத்தில் தருவது வெறும் கழுநீர். கேளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

பழைய மரச் சிற்பங்களைச் செப்பனிடுவது என் வேலை. இருப்பது உதிராமல் பார்த்துக்கொள், இல்லாததைச் சேர்க்காதே என்பதுதான் எங்கள் விதி. அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தவன் நான்.

ஷிமானே கடலோரத்து மீனவர் கோயிலிலிருந்து இந்தத் தேவி வந்தாள். ஆயிரம் வருடம் பழமையானவள். பெட்டிக்குள்ளேயே இருந்தவளை அந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது. கூரை ஒழுகிக் கறையான் ஏறியதால் வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள். காட்சிக்கு வைத்தால் கூரைக்கு நன்கொடை சேரும் என்றும் நம்பினார்கள். பூசாரி குகிமோட்டோ மந்திரம் சொல்லி, சிலை திரும்பி வரும்வரை தேவியை முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றில் எழுந்தருளச் செய்துவிட்டு, வெறும் மரத்தை என்னிடம் நீட்டினார். அப்போதும் தலையைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினார்.

"பத்திரமா பாத்துக்கங்க. மூஞ்சி எப்பிடி இருக்குன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

சொல்வதற்கு முகமே இல்லை. தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. எங்கள் காட்சிப் பொறுப்பாளர் ஹிராயே அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"இதப் பாக்க எவன் வருவான்? பக்கத்து ஹால்ல டைனோசர் எலும்பு வெச்சிருக்காங்க."

எனக்குச் சுருக்கென்றது. கூரை வராமல் அவள் மறுபடி மழையில் நனைவதா? மூக்கிருந்த இடத்தில் ஒரு மேடு தெரிந்தது. அதைச் சற்றே எடுப்பாக்கினேன். மூக்கு வந்ததும் வாயில்லாதது விகாரமாகத் தெரிந்தது. வாய் வந்தபின் கண்ணை மட்டும் விட முடியுமா? சீவிய தூளைத் துப்புரவுக்காரர் பெருக்கிக் கொட்டிவிட்டார். வேலைக்கு முன் எடுத்த படங்களா? அழித்துவிட்டேன். பழைய கோலத்தில் அவளைப் பார்த்தால் எனக்கே மனம் தாங்கவில்லை.

கூட்டம் அலைமோதியது. டைனோசர் ஈ ஓட்டியது. கூரைக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தேவிதான் கண்ணாடியில் இருக்கிறாளே, வெறும் மரத்தைப் பார்த்தால் குற்றமில்லை என்று அந்த ஊர்க்காரர்களும் பஸ் பிடித்து வந்தார்கள். மீன் விற்கும் நட்ஸுயோ அம்மா சிலையைப் பார்த்தார், அருகில் நின்ற என்னைப் பார்த்தார், மறுபடி சிலையைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இது ஒங்க அக்காவா?"

சிரிப்புச் சத்தம் கேட்டு, அதுவரை சுவரையே பார்த்து நின்ற பூசாரி திரும்பிவிட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"இனிமே தெனம் காலையில நான் ஒங்களையா குனிஞ்சு கும்பிடணும்?" என்று கேட்டு அழுதார். கண்ணாடியிலிருந்து தேவியை இந்த மரத்துக்கு மாற்ற மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயமாகப் பாருங்கள் ஐயா. ஒருவரும் பார்க்காத முகத்தை இதுவல்ல என்று எவர் சொல்ல முடியும்? அவள் முகம் மரத்துக்குள்ளேயே இருந்தது. நான் வழிவிட்டேன், அவ்வளவுதான். என் சாயல் என்பதெல்லாம் பொறாமைப் பேச்சு. என் இடது கன்னத்தில் மச்சம் இருக்கிறது, பாருங்கள். அவளுக்கு இருக்கிறதா? இல்லை. அந்த இடத்தில் மட்டும் மரம் உளுத்துப்போயிருந்தது, உளி நிற்கவில்லை.