ஈயக் குட்டையில் மஞ்சள் லைட்

இரவு ஒன்பது மணி. சுபாங் ஜெயா தாண்டி, பூச்சோங் பக்கம் பிரிகிற செம்மண் பாதை. இப்போது அங்கே வரிசை வீடுகள் வந்துவிட்டன. எண்பத்தாறில் ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது. ஒரு பக்கம் லாலாங் புல். மறுபக்கம் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டை... காற்றடித்தாலும் அசையாத கறுப்புத் தண்ணீர்.

அந்தப் பாதையில் ஒரே ஒரு லோரி. ஓட்டியவன் நம் நாகையா. பக்கத்தில் அவனுடைய தாய்மாமன் தம்புசாமி, அவன் அம்மாவுக்குத் தம்பி. நடந்தது அவருக்குத்தான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். யார் அது டார்ச்சை வைத்துக்கொண்டு விளையாடுவது... அணைத்துவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

தம்புசாமிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் வெல்டிங் வேலை. ஓய்வு நாளில் டைவிங். முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போவது என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. தங்கை இந்திராவின் புருஷன் சோலையப்பனையும் அவர்தான் பழக்கினார். குட்டைகளில் மூழ்கிப்போகும், மணல் உறிஞ்சும் பம்புகளை இரண்டு பேருமாகத் தேடி எடுத்துக் கொடுப்பார்கள். இரவில்தான் இறங்குவார்கள். பகலெல்லாம் பம்பு ஓடித் தண்ணீரைக் கலக்கிவிடும். ராத்திரிதான் சேறு கொஞ்சம் அடங்கும்.

உள்ளே பேச முடியாது. கையில் இருக்கும் லைட்தான் வாய். லைட்டால் வட்டம் போட்டால், ‘நல்லா இருக்கியா?’ அதே வட்டத்தைத் திருப்பிப் போட்டால், ‘நல்லா இருக்கேன்.’ இப்படியும் அப்படியும் பக்கவாட்டில் ஆட்டினால்... ‘உடனே வா.’ இவ்வளவுதான் பாஷை. பழகிய கைக்கு யோசனையே வேண்டாம். எதிரில் லைட் தெரிந்தால் அதுவே வட்டம் போட்டுவிடும்.

சோலையப்பனுடைய பழைய லைட்டில் தண்ணீர் கசிந்தது. புதிது வாங்க மச்சானும் மச்சானும் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஜபருல்லாவின் கடைக்குப் போனார்கள். ஜபருல்லா இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று கறுப்பு. சுவரில் அடித்தால் ஐம்பது காசு அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. இன்னொன்று மஞ்சள், பெரியது. அடித்ததும் சுவர் முழுக்க மஞ்சள் வெளிச்சம்.

“கடலுக்கா, குட்டைக்கா?” என்று கேட்டார் ஜபருல்லா.

“குட்டைக்குத்தான் பாய்.”

“அப்பன்னா கறுப்பு எடுங்க. சேத்துத் தண்ணியில அகல லைட்டு அடிச்சா, மூடுபனியில ஹைபீம் போட்ட மாதிரி. நீங்களும் பாக்க முடியாது, எதுத்தாப்புல வர்றவனுக்கும் ஒண்ணும் வெளங்காது.”

தம்புசாமி சிரித்தார். “இருட்டுல போறவனுக்கு வெளிச்சம் ஜாஸ்தி வேணும்லா பாய். என் மச்சானுக்கு நல்லதாக் குடுங்க.”

மஞ்சள் லைட்டைத் தானே வாங்கிச் சோலையப்பன் கையில் கொடுத்தார். பாசம்தான். வேறென்ன.

அதற்கு மறுவாரம் இதே குட்டையில் இறங்கினார்கள். பன்னிரண்டு மீட்டர் ஆழம். பம்பைத் தேடி ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சேறு கிளம்பியது. தம்புசாமி திரும்பிப் பார்த்தார். தூரத்தில் மஞ்சளாக ஒரு மங்கல்... பால் போலக் கலங்கிய தண்ணீர் முழுவதும் பரவி... அசைகிறது. வட்டமா? பக்கவாட்டா? ஒன்றும் புரியவில்லை. வட்டமாகத்தான் இருக்கும் என்று அவர் கை நினைத்துக்கொண்டது. பதிலுக்கு ஒரு வட்டம் போட்டது. அவர் திரும்பிப் பம்பைத் தேடப் போய்விட்டார்.

அப்போது மணி ஒன்பது நாற்பது. கைக்கடிகாரத்தைப் பார்த்தது அவருக்கு நினைவிருக்கிறது.

சோலையப்பன் மேலே வரவில்லை. மூன்று நாள் ஆட்கள் தேடினார்கள். செருப்பும் சட்டையும் கரையில் இருந்தன. உடம்பு இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இந்திரா சம்மதிக்கவில்லை. “உடம்பப் பாக்காம நான் தாலியக் கழட்ட மாட்டேண்ணே” என்றாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “கடைசியா உங்களுக்கு என்னா காட்டினாரு?”

“ஓகேன்னு காட்டினாம்மா.”

சொல்லிவிட்டு அவர் தலை குனிந்துகொண்டார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. வட்டமா, பக்கவாட்டா... சட்டியில் குழம்பு சுழன்றாலும் அதே கேள்வி.

ஒன்பது வாரம் கழிந்தது. வீடு கட்டக் குட்டையை மூடப்போகிறார்கள், நாளைக் காலையில் மண் லோரிகள் வருகின்றன என்று நாகையாதான் சேதி கொண்டுவந்தான். தம்புசாமி நேராக ஜபருல்லா கடைக்குப் போனார். ஜபருல்லா அந்தக் கறுப்பு லைட்டை எடுத்தார். புது பேட்டரி போட்டார். மூடியைத் தானே இறுக்கித் திருகி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஆக, அந்தச் செம்மண் பாதை. அந்த லோரி. தம்புசாமி இடுப்பில் முப்பது மீட்டர் கயிறு. மறுமுனை நாகையாவின் கையில்.

“மாமா, வேணாம் மாமா. ஒம்பது வாரம் ஆச்சு. என்னா இருக்கப்போவுது?”

“எலும்பாச்சும் இருக்கும்டா. அவளுக்குக் கொண்டுபோயிக் குடுக்கணும்.”

இறங்கினார். குளிர் காதுக்குள் ஏறியது. வாயில் ரப்பர் நாற்றம், அதோடு அழுகிய இலையும் டீசலும் கலந்த நாற்றம். ஸ்ஸ்ஸ்... என்று உள்ளே போகும் காற்று. குளுகுளுகுளு... என்று வெளியேறும் குமிழி. வேறு சத்தம் இல்லை. ஜபருல்லா சொன்னது சரி. கறுப்பு லைட் சேற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. ஒரு கிளை தெரிந்தது. ஒரு டயர். ஒரு பால் டின். எல்லாம் துல்லியமாக. அந்தத் துல்லியத்தைப் பார்த்து அவருக்கு அழுகை வந்தது. மாஸ்க்குக்குள் அழுதார்.

அப்புறம்... இடது பக்கம்... மஞ்சளாக ஒரு மங்கல்.

அந்த லைட்டின் பேட்டரி நாலு மணி நேரம்கூடத் தாங்காது. ஒன்பது வாரம்.

தம்புசாமி தன் லைட்டை நெஞ்சோடு அழுத்தி மறைத்துக்கொண்டு அதை நோக்கி நீந்தினார். மங்கல் பெரிதானது. நெருங்க நெருங்கத் தெளிந்தது. இரண்டு ஆள் தூரம்தான்... இடுப்பில் கயிறு வெடுக்கென்று இழுத்தது. முப்பது மீட்டர் முடிந்துவிட்டது.

இப்போது நன்றாகத் தெரிந்தது. வட்டம் இல்லை. இப்படி... அப்படி... இப்படி... அப்படி. கை ஓய்ந்துபோனவன் ஆட்டுவது போல, மெதுவாக.

முடிச்சை அவிழ்த்தால் எட்டிப் பிடித்துவிடலாம். அவிழ்த்தால் திரும்பி வர வழி தெரியாது. முடிச்சில் இடது கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார். அவிழ்க்கவில்லை. பயம்... அதை அவரே பிறகு நாகையாவிடம் சொல்லி அழுதார்.

அந்த நேரத்தில் வலது கை தானாக நெஞ்சிலிருந்து விலகியது. எதிரில் லைட் தெரிந்தால் என்ன செய்யுமோ அதைச் செய்தது. கறுப்பு லைட்டால், துல்லியமாக, ஒரு வட்டம்.

எதிரே ஆட்டம் நின்றது. மஞ்சள் வெளிச்சம் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தது. பிறகு அணைந்தது.

கயிற்றை இழுத்து நாகையா அவரைக் கரையேற்றினான். “என்னா மாமா, ஏதாச்சும் கெடச்சிச்சா?” இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். மணி ஒன்பது ஐம்பது.

பிரிக்ஃபீல்ட்ஸில் இந்திரா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. கதவைத் தட்டுமுன் இந்திரா திறந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. தாலி உள்ளங்கையில் இருந்தது.

“ஒம்பது நாப்பதுக்கு வீட்டு லைட்டெல்லாம் அணைஞ்சிச்சுண்ணே. செவத்துல மஞ்சளா ஒரு வட்டம் போட்டுச்சு. நிதானமா, ஒரே ஒரு தடவ.” அவள் அழவில்லை. “நல்லா இருக்கேன், இனி தேடாதன்னுதானே அர்த்தம்?”

“ஆமாம்மா” என்றார் தம்புசாமி. அவரைப் போலவே சோலையப்பனும் அவளிடம் பொய்தான் சொல்லியிருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பொய்யை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

விடிந்ததும் மண் லோரிகள் வந்தன. நாலே மாதத்தில் குட்டை இருந்த இடம் தெரியவில்லை.

அதன்பின் தம்புசாமி குளத்தில்கூட இறங்கியதில்லை. அந்தக் கறுப்பு லைட்டின் பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் கூட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கல்யாணத்துக்குப் போன இடத்தில் நாகையா ஒருநாள் அவரோடு ஒரே அறையில் படுத்தான். நடுவில் விழிப்பு வந்தது. மணி பார்க்கவில்லை, பார்க்கப் பயம் என்கிறான். மாமா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார், குறட்டைகூட விட்டார். போர்வைக்கு வெளியே அவருடைய வலது கை மட்டும் நிறுத்தாமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

எதிர்ச் சுவரில் மஞ்சளாக ஒரு மங்கல்... இப்படி... அப்படி... இப்படி... அப்படி.