பிரேக் மிதித்தால் மார்க் குறையும்

ஜீப் அனுப்புவதாகச் சொல்லியிருந்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அது வருவதற்குள் நான் ஸ்டேஷனுக்கு நடந்தே கிளம்பிவிட்டேன். கோத்தகிரியின் காலைக் காற்றை விட்டுவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து வருவானேன். ஒரு வருஷமாக எங்கே போனாலும் நடைதான் எனக்கு. உடம்புக்கும் நல்லது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மருதாசலம் டிரைவிங் ஸ்கூலுக்கு முதலாளியும் நான்தான், வாத்தியாரும் நான்தான். இன்றைக்கு ஊட்டியில் விசாரணை. பள்ளி இருக்குமா, இழுத்து மூடுவார்களா என்பது அங்கே நீங்கள் சொல்லப்போகும் வார்த்தையில் இருக்கிறது. அது போனால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. அதனால் ஒன்றையும் ஒளிக்கப் போவதில்லை. முதலில் அந்த வெள்ளியங்கிரியை லாக்கப்பிலிருந்து விட்டுவிடுங்கள். அவன் பேரில் தப்பில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தான். வாத்தியார் பேச்சைக் கேட்கிற பையன் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறான்.

பச்சைத் தேயிலை விலை விழுந்த கதை உங்களுக்கே தெரியும். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று தோட்டங்களை அப்படியே போட்டுவிட்டார்கள். இளவட்டங்கள் எல்லாம் டிரைவிங் படித்துக்கொண்டு திருப்பூருக்கு ஓடத் துடித்தார்கள். படிக்க ஆள் இருந்தது. படிப்பிக்க வண்டி இல்லை. என் காரைத்தான் ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே.

அப்போதுதான் மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்த மெஷினைப் பார்த்தேன். மூடிப்போன வீடியோ கேம் கடையிலிருந்து வந்ததாம். சீட், ஸ்டியரிங், கியர், மூன்று பெடல், எதிரே திரை. எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. மற்ற கார்ப் பந்தயம் போல இதில் யாரையும் முந்த வேண்டியதில்லை. காய்கறி ஏற்றிய ஒரு லாரியை மலை உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு இறக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ரோட்டுக்கென்றே யாரோ உட்கார்ந்து செய்தது போலிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா.

அதில் இருக்கிற நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் கேட்காது. குழியில் இறங்கினால் சீட் குலுங்கும். கொண்டை ஊசி வளைவு வந்தால் ஸ்டியரிங் கையை முறுக்கும். நிஜக் காரில் உட்கார்ந்தாலே நடுங்குகிற சசிகலா, இதில் இரண்டாம் நாளே பாட்டுப் பாடிக்கொண்டு மலை இறங்கினாள். பயத்தைப் போக்க அதைப் போல ஒரு கருவி கிடையாது. நான் படிப்பித்தவர்களில் ஒருவருக்குக்கூட இப்போது பயம் என்பதே இல்லை.

குறையும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. முதல் நாள் நான் ஓட்டிப் பார்த்தபோது எதிரே ஒரு லாரி ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் வழிவிட வேண்டும். நமக்கெல்லாம் அது ரத்தத்தில் ஊறியது. ஓரங்கட்டி நின்றேன். அந்த லாரியும் நின்றுவிட்டது. "வாங்க, நீங்க மொதல்ல வாங்க" என்று கைகூடக் காட்டினேன். அது அசையவே இல்லை. இப்படியே இரண்டு பேரும் மரியாதை பார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் முடிந்து திரை அணைந்துவிட்டது. பிறகுதான் அதன் வழக்கம் புரிந்தது. ஹாரனை அழுத்தினால் எதிர் வண்டி அந்தரத்தில் துள்ளி ஓரத்தில் போய் விழும். பிரேக் மிதித்தால் மார்க் குறையும். மாட்டை இடித்தால் ஏறும். அந்த ஊர்க்காரர்களுக்கு மாட்டின் மேல் அப்படி என்ன கோபமோ.

"இதெல்லாம் மெஷினோட சரிங்க, வெளிய ரோட்டுல வேற மாதிரி" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னேன். சாமி சத்தியமாகச் சொன்னேன். டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மச்சானின் காரை இரவல் வாங்கி, மைதானத்தில் எட்டுப் போடவும் பழக்கிவிடுவேன். சமதளத்தில் என் பிள்ளைகள் தங்கம், ஐயா. எல்லோரும் பாஸ். இறக்கம் வந்தால்தான் அவர்களுக்குக் கை பரபரக்கும்.

வெள்ளியங்கிரி விஷயம். அந்த மெஷினில் பள்ளத்தில் விழுந்தால் ஒன்றும் ஆகாது. லாரி மூன்று தரம் மின்னிவிட்டுத் தானாகவே ரோட்டுக்கு வந்து நின்றுகொள்ளும். மேல் வளைவில் திரும்பாமல் நேராகப் பாய்ந்தால், கீழே இருக்கிற ரோட்டிலேயே போய் இறங்கலாம். ஒரு வளைவு மிச்சம். இதைக் கண்டுபிடித்தது வெள்ளியங்கிரிதான். நான் முதுகில் தட்டிக்கொடுத்தேன். கெட்டிக்காரப் பையனை வேறென்ன செய்வது.

நேற்று பிக்கப் வண்டியில் முட்டைக்கோஸ் லோடு, மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது. அவன் வளைவில் திரும்பவில்லை. கவாத்து இல்லாமல் தேயிலைச் செடி மரமாக வளர்ந்து கிடந்ததால் பிக்கப்பைத் தாங்கிக்கொண்டது. விலை நன்றாக இருந்து ஒழுங்காக வெட்டிவிட்டிருந்தால் பையன் பிழைத்திருக்க மாட்டான். விலை விழுந்ததிலும் நல்லது இருக்கிறது, பாருங்கள்.

செய்தி கேட்டு நான் போனபோது முட்டைக்கோஸ் இன்னும் சரிவில் உருண்டுகொண்டிருந்தது. அவன் மேல் ஒரு கீறல் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கவிழ்ந்து கிடக்கிற பிக்கப்பையே பார்த்தபடி நின்றான்.

"என்ன கண்ணு பாக்கற?" என்று கேட்டேன்.

"இன்னும் மின்னவே இல்லீங்க சார்" என்றான்.

மற்ற மாணவர்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். பாலமுருகன் மினிபஸ் ஓட்டுகிறான். சசிகலா நர்சரிப் பள்ளி வேன் ஓட்டுகிறாள். ஆமாம், பிள்ளைகள் வேன்தான். அதில் போகிற பிள்ளைகள் காய்ச்சல் அடித்தாலும் லீவு போடுவதில்லையாம், டீச்சர்களுக்கே ஆச்சரியம். என் மகள் சரிதாவும் அந்தப் பள்ளிதான். இல்லை, அவள் வேனில் போவதில்லை, நடத்திக் கூட்டிக்கொண்டு போவேன். "எல்லாரும் வேன்ல பறக்கறாங்கப்பா, நான் மட்டும் நடக்கோணுமா?" என்று அழுவாள். பனிக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று சொல்லிவைத்திருக்கிறேன். மழைக்காலத்திலும் நடைதான்.

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்.

சரி. உங்கள் ஜீப் டிரைவர் இசக்கிமுத்துவும் என்னிடம் படித்தவன்தான். சொல்ல மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்கிற யோசனை நியாயமானதுதான், ஐயா. நானும் உங்களோடு ஜீப்பில் ஏற வேண்டும். இசக்கிமுத்து ஓட்ட வேண்டும். ஊட்டிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டால், மருதாசலத்தின் பயிற்சியில் குறையில்லை என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். பள்ளி பிழைக்கும். இதைவிடப் பெரிய மனசு யாருக்கு வரும். நான் ஏறி உட்கார்ந்தால் போதும்.

அதோ, ஜன்னலில் தெரிகிறான். ஸ்டார்ட் பண்ணித் தயாராக உட்கார்ந்திருக்கிறான். உட்காருகிற விதத்தில் குறை சொல்ல முடியாது. கை இரண்டும் நான் சொன்ன இடத்தில் இருக்கின்றன. கண்தான் ரோட்டில் இல்லை. முன்கண்ணாடியின் வலது மேல்மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். மெஷினில் நேரம் ஓடுவது அந்த மூலையில்தான், ஐயா.

தொட்டபெட்டா வரைக்கும் ஏற்றம். அதைத் தாண்டினால் இறக்கம்.

எழுதிக்கொள்ளுங்கள். குற்றம் என்னுடையதுதான். தெரிந்தேதான் செய்தேன். ஒரு வருஷமாகத் தெரியும். பள்ளியை மூடிவிடுங்கள். சசிகலாவின் வேனை இன்றைக்கே நிறுத்துங்கள், சாயங்காலம் பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால்.

ஊட்டிக்கு நான் நடந்தே வந்துவிடுகிறேன். ஆனால் ஜீப் முதலில் போகட்டும். அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஃபோன் வந்த பிறகுதான் நான் ரோட்டில் கால் வைப்பேன்.