எரியாத மருந்து

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது ஒன்றும் பெரிய வேலையில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. கீழிமையை லேசாக இழுத்துப் பிடித்தால் போதும். மாத்தளையில் எங்கள் தெருவில் யாருக்குக் கண் வலித்தாலும் மஸீஹாவைக் கூப்பிடுங்க என்பார்கள். அப்படித்தான் ராத்தாவின் மருந்தும் என் கைக்கு வந்தது.

ஜுனைதா ராத்தா என் கூடப்பிறந்த அக்கா, என்னைவிட ஆறு வயது மூத்தவர். புருஷன்மார் மவுத்தான பிறகு நாங்கள் இருவரும் பதினொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அறுபத்து மூன்றாம் ஆண்டு அவருக்கு ஓரப்பார்வை மங்கியது; நடக்கையில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்ற ஆயுள் முழுக்க நாலு வேளை மருந்து விட வேண்டும் என்றார் கண்டி டாக்டர். எட்டு மாதம் ஒரு வேளைகூட நான் தவறவில்லை. ராத்தா ஓதினார், தைத்தார்.

அப்போது நாவுலையிலிருந்து அவர் மகன் ஸஹாப்தீன் வந்தான். உம்மாவுக்கு ஓர் அறை கட்டுவதாகவும், அடுத்த நோன்புப் பெருநாளுக்குக் கூட்டிப்போவதாகவும் சொன்னான். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ராத்தா மறுநாளே பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மருந்தை எலுமிச்சை மரத்தடியில் ஊற்றிவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைக் குப்பியில் நிரப்பினேன். சுத்தமான தண்ணீர். துணியில் வடிகட்டியது.

"இப்ப மருந்து எரியிறல்ல, தங்கச்சி" என்றார் ராத்தா.

கண் குணமாகிறது என்றேன்.

பெருநாள் வருவதற்குள் முற்றத்தில் இரண்டு தடவை விழுந்தார். பழகாத வீட்டில் தடுமாறுவேன், கண் தெளியட்டும் என்று மகனுக்கு அவரே சொல்லியனுப்பினார். அதற்குப் பிறகு என் தோளைப் பிடித்துத்தான் கிணற்றடிக்கு வருவார். மீனை முள் எடுத்து ஊட்டுவேன். சின்ன வயதில்கூட நாங்கள் அவ்வளவு ஒட்டுறவாக இருந்ததில்லை.

ஒரு நாள், "இன்னம் விடியல்லயா?" என்று கேட்டார். வெயில் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னம் இல்ல, ராத்தா. படுங்க" என்றேன்.

அந்த வாரம்தான் உம்மாவைப் பார்க்க வந்த ஸஹாப்தீன் குப்பியை எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போனான். டாக்டர் அவன் கண்ணிலேயே ஒரு சொட்டு விட்டாராம். அந்த மருந்துக்குக் கண்மணி சுருங்க வேண்டுமாம். சுருங்கவில்லை.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். பதினேழு குப்பி. எழுதிக்கொள்ளுங்கள்.

ராத்தாவை நாவுலைக்குக் கொண்டுபோய் ஆறு நாளாகிறது. பகலில் எல்லாரும் கடைக்கும் வயலுக்கும் போய்விடுகிறார்களாம். கண் தெரியாத மனுஷியைத் தனியாக விட்டுப்போக அவர்களுக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ, எனக்கு விளங்கவில்லை.