சிவநாதன் வாங்குன லிவர் துப்பாக்கி

விடியக்காலை நாலு மணி. வரிச்சிக்குடியைத் தாண்டி வயலுக்குப் போற மண் ரோடு. ஒரு ஈ காக்கா கிடையாது. தோள்ல துப்பாக்கியோட ஒத்தையில நடந்து போறாரு சிவநாதன்.

கிட்ட வந்து உக்காருங்க, கத்திச் சொல்ற விஷயம் இல்ல இது. சிவநாதன் யாருன்னா, என்கூட வேலை பாக்குற பஞ்சநாதனோட சொந்த மாமா. போன தை மாசம் நடந்தது.

அறுப்புக்கு இன்னும் பத்து நாள்தான். ராத்திரிக்கு ராத்திரி காட்டுப்பன்னி இறங்குது. தின்னது கொஞ்சம், உருண்டு நாசம் பண்ணது மிச்சம். மனுஷன் பயிரைக் காக்க லைசென்ஸ் வாங்கிட்டாரு. புதுத் துப்பாக்கி வாங்க வசதியில்ல. காரைக்கால் டவுன்ல ஞானசௌந்தரின்னு ஒரு அம்மா. புருஷன் பிரெஞ்சு மிலிட்டரில இருந்தவரு, தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. அவரோட வேட்டைத் துப்பாக்கியை விக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு பேரை மாத்தி வாங்கினாரு.

அந்தக் காலத்து லிவர் துப்பாக்கி. அடியில ஒரு இரும்பு வளையம் இருக்கும். விரலை விட்டுக் கீழ தள்ளணும்... சடக். மேல இழுக்கணும்... சடக். தோட்டா ஏறிடும். வளையம் முழுசா மேல ஒட்டினாத்தான் சுட முடியும். எண்ணெய் போட்டுத் தொடைச்சு, மூணு தடவை சுட்டுப் பாத்தாரு. ஒரு மக்கர் இல்ல.

அன்னிக்கு வரப்புல குத்துக்காலிட்டு உக்காந்தாரு. பனி. அழுகுன வைக்கோல் வாடை. தவளைகூட கத்தல...

சரக்... சரக்...

முப்பது அடி தள்ளி பயிர் அசையுது. கறுப்பா, குனிஞ்ச முதுகு. டார்ச் அடிச்சா ஓடிடும். குறி பாத்துக்கிட்டே வளையத்தைக் கீழ தள்ளினாரு. சடக். மேல இழுத்தாரு.

வரல.

நடுவுல என்னவோ மாட்டியிருக்கு. மெத்துனு... சில்லுனு... சதை மாதிரி. பன்னி நகர ஆரம்பிச்சிடுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு பலமா இழுத்தாரு. நறுக்... எலும்பு நெரியற சத்தம். அப்பவும் வளையம் மேல வரல.

பயிருக்குள்ள யாரோ இருமினாங்க.

"யாரு... சிவநாதண்ணனா? தண்ணி நிக்குதேன்னு வரப்பை வெட்டிவிட வந்தேங்க."

பக்கத்து வயல் மருதையன். ரெண்டு பொம்பளைப் புள்ளைங்களுக்குத் தகப்பன்.

சிவநாதன் சட்டுனு துப்பாக்கியைக் கீழ தாழ்த்துனாரு. டார்ச் அடிச்சு துப்பாக்கியைப் பாத்தாரு. வளையத்துல ஒண்ணுமே இல்ல. தோட்டாவை எல்லாம் எடுத்துட்டு மெதுவா இழுத்தாரு. சடக். சுத்தமா ஒட்டிக்கிச்சு.

மறுநாள் காலையில நேரா ஞானசௌந்தரி அம்மா வீட்டுக்குப் போயி, நடந்ததை அப்படியே சொன்னாரு. அந்தம்மா, "என் வீட்டுக்காரரும் இதே துப்பாக்கியால பன்னின்னு நெனச்சுத்தான் சுட்டாரு. கூடப்பொறந்த தம்பியையே சுட்டுட்டாரு"ன்னாங்க.

சிவநாதனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "செத்துப்போன அந்தத் தம்பிதாம்மா என் கையைத் தடுத்திருக்காரு. ஒரு பாவத்துலேருந்து காப்பாத்திட்டாரு. அவரைப் பொதைச்ச எடத்தைக் காட்டுங்க, ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போறேன்."

அந்தம்மா நிமிந்து பாத்தாங்க.

"என் கொழுந்தன் சாகலியே தம்பி. பன்னெண்டு வருஷமா உள்ள ரூம்லதான் படுத்திருக்காரு. கழுத்துக்குக் கீழ அசைவே இல்ல."

உள்ள கூட்டிட்டுப் போனாங்க. கட்டில்ல எலும்பும் தோலுமா ஒருத்தர், மோட்டுவளையைப் பாத்தபடி. வலது கை போர்வைக்கு வெளியில கெடக்கு. அதுல ரெண்டு விரல்... கன்னிப்போயி, கருநீலமா வீங்கி.

"நேத்து விடிஞ்சதும் முகம் தொடைக்க வந்தப்பதான் பாத்தேன். எதுல இடிச்சுதுன்னு தெரியல. அசையாத கை எப்படித் தம்பி இடிக்கும்?" ஒத்தடம் குடுக்க வெந்நி எடுக்கணும்னு அந்தம்மா அடுப்படிக்குப் போயிட்டாங்க.

சிவநாதன் குனிஞ்சு அந்த விரலைப் பாத்தாரு. அவரோட கண்ணு மட்டும் மெதுவா இவர் பக்கம் திரும்புச்சு.

அப்புறம் அந்தக் கை... தானா நகந்து... போர்வைக்குள்ள போயிடுச்சு.