தொமித்திலாவின் கூடையைத் தள்ளிய கை

மலைச்சரிவெங்கும் கொக்கோ காய்த்துக் குலுங்கும் சாவ் தோமே தீவின் விளைவிப்போர் சங்க விழாவுக்குத் தலைமை தாங்கும் எவரிஸ்தோ ஐயா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே! கொட்டை உலர்த்திக் கை கறுத்த தாய்மாரே! வணக்கம்.

வரவேற்றவர் சொன்னார்: "நம்ம தீவுச் சாக்லேட்டை வெளிநாட்டாருக்கு அறிமுகம் செஞ்சவரு நம்ம பெலிசார்தோதான்!" நீங்களும் கைதட்டினீர்கள். வேண்டாம், தட்டாதீர்கள்! அது பொய். பத்திரிகைக்காரர்களிடம் அந்தப் பொய்யைச் சொன்னவனும் இந்தப் பெலிசார்தோதான்.

கடற்கரை ஹோட்டலில் சரக்கு வாங்கும் பொறுப்பு எனக்கு. நம் கொக்கோ மூட்டையாய்க் கப்பலேறும். மினுக்குத் தாள் சுற்றிச் சாக்லேட்டாய்த் திரும்பும். அதை வாங்கி விருந்தினர் மேசையில் வைத்து வெட்கமின்றி நிமிர்ந்து நின்றேன்.

இரண்டு ஆண்டுகள், வெள்ளிதோறும் நம் ஊர்த் தொமித்திலா கூடையோடு வருவார். தானே வறுத்து, தானே அரைத்து, தானே வார்த்த சாக்லேட்.

"ஐயா, ஒரு துண்டாவது வாயில போட்டுப் பாருங்க."

"போம்மா! வர்றவங்க எல்லாம் பெரிய இடம். இத உங்க தெருவுல வித்துக்கோ."

ருசித்தேனா? இல்லை. முகர்ந்தேனா? அதுவும் இல்லை. நம் ஊர்க்காரி செய்தது என்பது ஒன்றே அதை ஒதுக்க எனக்குப் போதுமானதாக இருந்தது!

ஒரு வெள்ளியன்று, ஹோட்டலில் தங்கியிருந்த, லிஸ்பனில் இனிப்புக்கடை நடத்தும் அம்மையார் கேட்டார்: "இந்தத் தீவுல செஞ்ச சாக்லேட் எங்க கிடைக்கும்?"

நான் சிரித்தேன். "இங்க யாருக்குங்க அதெல்லாம் செய்யத் தெரியும்?"

சமையற்கட்டு வாசலில் கூடையோடு நின்ற தொமித்திலா கேட்டுவிட்டார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே மேசைக்கு வந்தார். "எனக்குத் தெரியும்மா. இந்தாங்க, சாப்பிட்டுப் பாருங்க."

அம்மையார் தின்றார். கண்ணை மூடினார். இன்னொரு துண்டு கேட்டார்.

ஊர் திரும்பியும் அந்த ருசி அவரை விடவில்லை. மூன்றாம் மாதமே அவர் கடைக்கு முதல் பெட்டி கப்பலேறியது. இங்கே தின்ற விருந்தினரெல்லாம் தங்கள் ஊரில் அதைத் தேடினார்கள். தேடத் தேடப் பெட்டிகள் பெருகின. இன்று எண்பது குடும்பங்களின் கொக்கோ, மூட்டையாய் அல்ல, சாக்லேட்டாய்க் கடல் கடக்கிறது!

பின்வரிசையில் யாரோ, "இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்?" என்கிறார். இல்லை தம்பி, அன்றே தெரியும். தெரிந்தும் ஆறு ஆண்டுகள் அந்தப் பெருமையை அணிந்து திரிந்தேன். அதுதான் என்னை அறுக்கிறது.

நேற்று தொமித்திலாவின் சாக்லேட் பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"எங்கிட்டத் தனியா வந்து சொன்னா ஆச்சா? பொய்ய ஊருக்கு முன்னாடிதான சொன்னீங்க? நெசத்தையும் அங்கயே போய்ச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன், தாயே!

விமானம் ஏறி வந்தவருக்கு நம் விளைச்சலை ஊட்டிய கை எது? தொமித்திலாவின் கை! கடல் கடந்து சந்தை திறந்த கை எது? தொமித்திலாவின் கை! அந்தக் கூடையை இரண்டு ஆண்டுகள் தள்ளிய கையோ, இதோ உங்கள் முன் குவிந்து நிற்கிறது.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.